லீஸ் ஃபெர்ரி: கொலராடோ ஆற்றுத் துறையும் அதை உண்மையில் ஓட்டியவர்களும்

பாலைப்பயணி (இழையைத் தொடங்கியவர்)

போன வாரம் பயணக் குறிப்புப் பகுதியில் ஒருவர் லீஸ் ஃபெர்ரியைப் பற்றி "ஜான் லீ என்பவர் அரை நூற்றாண்டு படகு ஓட்டிய இடம்" என்று போகிற போக்கில் எழுதியிருந்தார். அங்கேயே மறுத்தால் அவருடைய அழகான படங்களுக்கு நடுவே சண்டை போட்ட மாதிரி ஆகிவிடும். அதனால் தனி இழை.

இடம் அரிசோனாவின் வடகோடி, யூட்டா எல்லைக்குச் சற்றுத் தெற்கே. கொலராடோ ஆறு கிளென் கேன்யனை விட்டு வெளியே வருகிறது, பரியா என்ற சிற்றாறு வந்து சேர்கிறது, அதற்குள் மார்பிள் கேன்யன் தொடங்கிவிடுகிறது. இரண்டு பெரும் பாறைப் பிளவுகளுக்கு நடுவே ஒரு துண்டு தாழ்ந்த கரை. அவ்வளவுதான் அந்தத் துறை.

யூட்டாவில் இருந்த மோர்மன் என்ற கிறித்தவப் பிரிவின் சபைக்குத் தெற்கே அரிசோனாவில் குடியேற்றங்கள் வேண்டியிருந்தது. அதற்கு ஆற்றைக் கடக்க ஒரு துறை வேண்டும். 1871 இறுதியில் ஜான் டி. லீயை அங்கே அனுப்பினார்கள். முறையான பெரிய படகு தண்ணீரில் இறங்கியது 1873 ஜனவரியில். 1874 நவம்பரில் லீ கைதாகிவிட்டார். நடுவில் 1873-லேயே, ராணுவம் தேடி வருகிறது என்று கேள்விப்பட்டு, ஆற்றுக்குத் தெற்கே மோயனாவே பக்கம் போய் ஒளிந்திருந்தார். 1877-ல் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

துறை நடந்தது 1928 வரை. 55 வருடத்தில் லீ படகில் நின்ற காலம் இரண்டு வருடம்கூடத் தேறாது. 1875-ல் படகு ஓட்ட வந்த வாரன் ஜான்சன் 1896 வரை அங்கே கிடந்தார். 1879 வரை துறை லீயின் மனைவி எம்மாவின் பொறுப்பில் இருந்தது. அவரிடமிருந்து சபை வாங்கிய விலை 3000 டாலர் மதிப்புக்குப் பசு மாடுகள். 1896-க்குப் பிறகு ஜிம் எம்மெட். 1909-ல் ஒரு மாட்டுப் பண்ணை நிறுவனம் வாங்கியது. அடுத்த வருடமே கோகொனினோ கவுண்டி நிர்வாகம் எடுத்துக்கொண்டது. அதன் பிறகு வாரன் ஜான்சனின் மகன்கள் திரும்ப வந்து ஓட்டினார்கள்.

பெயர் மட்டும் லீக்கு. என் வழக்கு இதுதான். ஓடிப்போன ஒருவரின் பெயரைச் சொல்லிச் சொல்லி, ஓடாமல் இருந்தவர்களை நாம் மறந்துவிட்டோம்.

---

கரிசல்காரன்

அண்ணே, ரெண்டு கேள்வி. அமெரிக்காவுல ஆத்துக்கா பஞ்சம்? நூறு மைல் மேலயோ கீழயோ போய்க் கடந்துக்க வேண்டியதுதானே. ஏன் அந்த ஒரே இடம்? ரெண்டாவது, லீ எதுக்கு ஓடி ஒளிஞ்சாரு? மாடு திருட்டா?

---

பாலைப்பயணி

முதல் கேள்விக்கு நான். இரண்டாவது செந்தாழை அக்காவின் பகுதி, அவர் வருவார்.

அந்தப் பகுதியில் ஆறு தரைமட்டத்தில் ஓடவில்லை, தரையை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. கீழே கிராண்ட் கேன்யன், ஒரு மைல் ஆழம். மேலே கிளென் கேன்யன், செங்குத்தான மணற்பாறைச் சுவர். கண்ணுக்கு எதிரே அக்கரை தெரியும், கூப்பிட்டால் கேட்கும், ஆனால் தண்ணீர் வரை வண்டியோடு இறங்க முடியாது. லீஸ் ஃபெர்ரி பக்கம் மட்டும் பாறை அடுக்குகள் சாய்ந்து கிடக்கின்றன. எளிதில் கரையும் களிப்பாறை அடுக்கு அங்கே ஆற்றுமட்டத்துக்கு வந்துவிட்டதால் சுவர் இடிந்து சரிவாகிவிட்டது. இரு கரையிலும் வண்டி ஆற்றைத் தொடக்கூடிய இடம் அது. நூற்றுக்கணக்கான மைலுக்கு வேறு நல்ல இடம் கிடையாது.

இருந்தும் கடப்பது எளிதில்லை. 1776 அக்டோபர் இறுதியில் டொமிங்கஸ், எஸ்கலாந்தே என்ற இரண்டு ஸ்பானியப் பாதிரியார்கள், சான்டா ஃபேயிலிருந்து கலிஃபோர்னியாவுக்கு வழி தேடிப் போய், முடியாமல் திரும்பும் வழியில் இங்கே வந்து மாட்டினார்கள். நீச்சல் தெரிந்த இருவரை இறக்கினார்கள். துணியைக் கழற்றித் தலையில் கட்டிக்கொண்டு நீந்தினார்கள். நடு ஆற்றில் துணி போய்விட்டது. அக்கரை சேர்ந்தவர்களுக்கு அங்கிருந்து வழி தேட உடம்பில் தெம்பும் இல்லை, மேலில் துணியும் இல்லை, திரும்ப நீந்தி வந்தார்கள். கட்டைகளைக் கட்டித் தெப்பம் விட்டுப் பார்த்தார்கள். கோல் ஊன்றினால் தரை தட்டவில்லை. சாப்பாடு தீர்ந்து குதிரையைக் கொன்று தின்கிற நிலை. கடைசியில் பாறையேறி வெளியேறி, இன்னும் மேலே போய், நவம்பர் 7-ஆம் தேதி ஒரு ஆழமற்ற இடத்தில் கடந்தார்கள். குதிரைகள் இறங்குவதற்கு மணற்பாறையில் படிகள் வெட்டினார்கள். அந்த இடம் இப்போது கிளென் கேன்யன் அணை தேக்கிய பவல் ஏரிக்கு அடியில்.

---

செந்தாழை

கரிசல்காரன், மாடு திருட்டு இல்லை. படுகொலை.

1857 செப்டம்பரில் அர்கன்சாஸிலிருந்து கலிஃபோர்னியாவுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு குடியேறிகள் கூட்டத்தைத் தெற்கு யூட்டாவில் மவுன்டன் மெடோஸ் என்ற புல்வெளியில் மோர்மன் போர்ப்படை ஆட்கள் முற்றுகையிட்டார்கள். பைஊட் என்ற பூர்வகுடி மக்களில் சிலரையும் சேர்த்துக்கொண்டார்கள். வெள்ளைக்கொடியோடு போய், ஆயுதத்தைக் கீழே வையுங்கள், பத்திரமாக அழைத்துப் போகிறோம் என்று வாக்குக் கொடுத்து வெளியே வரவைத்துக் கொன்றார்கள். சுமார் 120 பேர். பேச வயது வராத சின்னக் குழந்தைகளை மட்டும் விட்டார்கள். வெள்ளைக்கொடியோடு போனவர் லீ.

அவர் மட்டும் செய்ததல்ல, மேலே உத்தரவு கொடுத்தவர்கள் இருந்தார்கள். ஆனால் தண்டனை பெற்றவர் அவர் ஒருவர்தான். சபைத் தலைவர் பிரிகம் யங், லீயைத் தன் வளர்ப்பு மகனாக ஏற்றிருந்தவர். 1870-ல் அதே சபை லீயை விலக்கியது. விலக்கிய கையோடு துறை அமைக்க அனுப்பியது. யாரும் தேடி வராத ஒரு மூலை அவருக்கு வேண்டும், ஆளில்லாத மூலையில் வேலை செய்ய ஒரு ஆள் அவர்களுக்கு வேண்டும். கணக்கு இரண்டு பக்கமும் சரியாக இருந்தது.

முதல் வழக்கு 1875-ல், ஜூரிகள் ஒத்துப்போகவில்லை. 1876-ல் இரண்டாம் வழக்கு. இம்முறை ஜூரி முழுக்க மோர்மன்கள், ஒரே குரலில் குற்றவாளி என்றார்கள். 1877 மார்ச் 23, அதே மவுன்டன் மெடோஸ் புல்வெளிக்குக் கொண்டுபோய், அவருக்கான சவப்பெட்டியின் மேலேயே உட்காரவைத்துச் சுட்டார்கள்.

எம்மாவைப் பற்றிக் கொஞ்சம். இங்கிலாந்திலிருந்து மதம் மாறி வந்தவர். 1856-ல் கைவண்டியைத் தள்ளிக்கொண்டு பனியில் சிக்கிப் பலர் செத்த அந்தப் பயணத்தில் பிழைத்தவர். லீக்கு மொத்தம் 19 மனைவிகள் என்பார்கள். எம்மா அதில் பிந்தியவர். ஆற்றங்கரைக்கு வந்த சில வாரங்களில், 1872 ஜனவரியில், அவருக்கு ஒரு மகள் பிறந்தாள். அந்த இடத்துக்கே லோன்லி டெல் என்று எம்மாதான் பெயர் வைத்தார் என்று சொல்வார்கள். குழந்தைக்கும் ஃபிரான்சஸ் டெல் என்று பெயர்.

லீ இல்லாத நாட்களில் துறைக்கும் வயலுக்கும் பிள்ளைகளுக்கும் எம்மாதான். ஒரு கதை சொல்வார்கள். நவஹோ என்ற பூர்வகுடிகளின் கூட்டம் ஒன்று வீட்டருகே வந்து தங்கியது. அவர்கள் கோபத்தில் இருந்த காலம் அது. எம்மா கதவைத் தாழிடவில்லை. பாய் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பிள்ளைகளோடு நேராக அவர்கள் நெருப்புக்குப் பக்கத்தில் போய், வீட்டில் ஆண்துணை இல்லை, இங்கே படுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாராம். விடியும் வரை அங்கேயே தூங்கினார்களாம்.

---

கரிசல்காரன்

அக்கா, கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா யாரு கோவத்துல இருந்தா, ஏன் இருந்தாங்கன்னு யாரும் சொல்ல மாட்டேங்கிறீங்களே. நவஹோக்காரன் நெருப்புப் பக்கத்துல தைரியமா படுத்த அம்மாவைப் பத்தி நாலு வரி. நெருப்பு மூட்டுனவனைப் பத்தி ஒரு வரி இல்ல. எல்லாரும் "குடியேறினாங்க, குடியேறினாங்க"ங்கிறீங்க. அக்கரை காலியா கிடந்துச்சா?

---

செந்தாழை

நியாயமான கேள்வி. காலியாக இல்லை. தென்கரை முழுக்க நவஹோ நிலம். வடகரைப் பீடபூமி பைஊட் மக்கள் நடமாடிய இடம். எஸ்கலாந்தே கடைசியில் கடந்த இடமும் இம்மக்கள் காலங்காலமாகக் கடந்த இடம்தான்.

கோபத்துக்குக் காரணமும் இருந்தது. யூட்டாவுக்கு வியாபாரத்துக்குப் போன நவஹோ சகோதரர்கள் சிலர் ஒரு மாட்டுப் பண்ணையில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டவர்கள் மோர்மன்கள் இல்லை, ஆனால் நவஹோக்கள் மோர்மன்களைத்தான் பொறுப்பாக்கினார்கள். ஜேகப் ஹாம்ப்ளின் என்ற மோர்மன் தூதர் அக்கரைக்குப் போய்ப் பேச வேண்டியதாயிற்று. 1874-ல் ஆற்றங்கரையில் ஒரு கல் கோட்டை கட்டினார்கள். இன்றும் நிற்கிறது. நவஹோக்களோடு வியாபாரம் செய்யும் இடமாகவும் அது பயன்பட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். லீ அங்கே முதலில் கடத்திவிட்டது மோர்மன் வண்டிகளை இல்லை. 1872 ஜனவரியில், துறை என்று ஒன்று அமைவதற்கு முன்பே, அக்கரையில் நின்று குரல் கொடுத்த நவஹோ கூட்டத்தை, முன்பு வந்தவர்கள் விட்டுப்போயிருந்த படகைச் சீர்செய்து எடுத்துப் போய்க் கூட்டி வந்தார். அந்தத் துறையின் முதல் பயணிகள் நவஹோக்கள். கம்பளி கொண்டு வருவார்கள், குதிரை வாங்கிப் போவார்கள்.

---

ஓடக்கோல்

கொள்ளிடக் கரையில் பிறந்தவன் என்பதால் கேட்கிறேன். லீ யார், எம்மா யார் என்பதெல்லாம் இருக்கட்டும். படகு எப்படிப் போனது? துடுப்பா, கயிறா? வண்டியை ஏற்றுவார்களா, கழற்றுவார்களா? மாடு?

---

பாலைப்பயணி

நானே இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும், சுவையான பகுதி.

ஆரம்பத்தில் பெரிய தட்டையடிப் படகு. பக்கத்துக்கு ஆள் நின்று நீளத் துடுப்பு போடுவார்கள், பின்னால் ஒருவர் சுக்கான். நேராகக் கடக்க முடியாது, இழுப்பு அவ்வளவு. அதனால் சேர வேண்டிய இடத்துக்கு வெகுதூரம் மேலேயிருந்து தள்ளிவிட வேண்டும். ஆறு கீழே இழுத்துப் போகப் போக, ஆட்கள் குறுக்கே துடுப்புப் போட்டு அக்கரையைப் பிடிப்பார்கள். தப்பினால் கீழே பாறைப் பிளவும் பாய்ச்சலும். கடந்த பிறகு அடுத்த நடைக்குப் படகைக் கரையோரமாகக் கயிறு கட்டி மேலே இழுத்து வர வேண்டும். உண்மையான உழைப்பு அதில்தான். வண்டியை அப்படியே ஏற்றுவார்கள். மாடு, குதிரைகளைப் பெரும்பாலும் நீந்தவிட்டார்கள்.

அந்த மேலே இழுக்கிற வேலையில்தான் 1876 மே மாதம் விபத்து. மலைப்பனி உருகி ஆறு பெருகியிருந்த நேரம். சபையின் பெரிய தலைகள் அரிசோனாவைப் பார்வையிடப் போகிறார்கள். பாரம் ஏற்றிய படகைப் பாறையோரமாக இழுக்கும்போது முகப்பில் தண்ணீர் ஏறிக் கவிழ்ந்தது. லொரென்சோ ரவுண்டி என்ற பிஷப் மூழ்கிப் போனார். நல்ல நீச்சல்காரர் என்பார்கள்.

அக்கரை சேர்ந்தால் நிம்மதி என்று நினைக்காதீர்கள். மேல்துறையில் இறங்கினால் எதிரே லீயின் முதுகெலும்பு என்று பெயர் வாங்கிய பாறைமேடு. வண்டிச்சக்கரம் படிப்படியாக விழுந்து எழுந்து ஏற வேண்டும். ஆற்றைவிட அந்த ஏற்றத்தைத் திட்டி எழுதிய நாட்குறிப்புகள் அதிகம். தண்ணீர் குறைந்த குளிர்காலத்தில் பரியா சேர்வதற்குக் கீழே இன்னொரு துறையில் கடப்பார்கள், அதில் இந்த மேடு தப்பும். 1890களின் இறுதியில் பாறையைச் செதுக்கி ஆற்றோரமாகப் பாதை போட்ட பிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது. எம்மெட் காலத்தில் ஆற்றுக்குக் குறுக்கே கம்பிவடமும் வந்தது. படகை வடத்தில் கோத்து, மூக்கைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் ஆற்றின் இழுப்பே அக்கரைக்குத் தள்ளிவிடும்.

---

ஓடக்கோல்

சாய்த்துப் பிடிப்பது, ஆகா. ஆறு எதிரியாக இருந்தது கூலியாள் ஆகிவிட்டது. நன்றி நண்பரே, இப்போது படம் முழுதாக வந்துவிட்டது. போனவர்கள் யார் யார்? குடியேறிகள் மட்டுமா?

---

செந்தாழை

முதல் பெரிய குடியேற்றக் கூட்டம் 1873 வசந்தத்தில் கடந்தது. லிட்டில் கொலராடோ ஆற்றைப் பார்த்துப் பயந்து, அங்கே தண்ணீரும் இல்லை புல்லும் இல்லை என்று திரும்பி அதே துறைக்கு வந்து நின்றார்கள். 1876-ல் போனவர்கள்தான் ஊன்றினார்கள். அவர்கள் போட்ட நான்கு குடியிருப்புகளில் இன்று மிஞ்சியது ஜோசஃப் சிட்டி ஒன்றுதான். மற்றவற்றில் இரண்டை லிட்டில் கொலராடோவின் வெள்ளமும் உடைந்த அணைகளும் தின்றுவிட்டன.

பிறகு கல்யாண ஜோடிகள். 1877-ல் யூட்டாவின் செயின்ட் ஜார்ஜில் மோர்மன் கோயில் திறக்கப்பட்டது. அரிசோனாவில் மணமுடித்தவர்கள் கோயிலில் சடங்கு செய்ய வண்டி கட்டிக்கொண்டு வாரக்கணக்கில் அங்கே போய்த் திரும்புவார்கள். அந்தப் பாதைக்குத் தேனிலவுப் பாதை என்றே பெயர். 1927-ல் அரிசோனாவின் மேசா நகரிலேயே கோயில் வந்துவிட்டது.

பாலைப்பயணியின் வழக்குக்கு வருகிறேன். வாரன் ஜான்சனை அவர் வருடக் கணக்கால் மட்டும் நிறுத்துகிறார். அது போதாது. 1891 கோடையில் வழிப்போக்கர் குடும்பம் ஒன்று ஜான்சன் வீட்டில் தங்கியது. வரும் வழியில் அவர்கள் பிள்ளை ஒன்று நோயில் இறந்திருந்தது. அது தொண்டை அடைப்பான் என்று ஜான்சனுக்குத் தெரியாது. மே முதல் ஜூலைக்குள் ஜான்சனின் நான்கு பிள்ளைகள் போய்விட்டார்கள். சபைத் தலைவருக்கு அவர் எழுதிய கடிதம் இருக்கிறது. யார் மீதும் பழி இல்லை, நாங்கள் செய்த பாவம் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள் என்ற தொனி. நான்கு பெயர்களும் ஒரே கல்லில், அந்தப் பண்ணைக்குப் பக்கத்துக் கல்லறையில் இருக்கின்றன. அதற்குப் பிறகும் அவர் ஐந்து வருடம் அங்கேயே இருந்து வந்தவர் போனவரையெல்லாம் கரை சேர்த்தார். துறையை விட்டால் பிழைப்பு இல்லை என்பது ஒரு காரணம். சபை சொன்ன இடத்தில் இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. இதில் வீரத்தைத் தேட நான் தயாரில்லை.

---

நெய்வேலி மணி

இழை ரொம்ப கனமா போயிட்டு இருக்கு, நடுவுல ஒரு நீராவிக் கப்பல் விடலாமா? பாய்லர் பக்கத்துலயே வாழ்க்கை போனவன், இதைச் சொல்லாம இருக்க முடியல.

1910 வாக்குல சார்லஸ் ஸ்பென்சர்னு ஒருத்தர் லீஸ் ஃபெர்ரிக்கு வர்றார். அங்க இருக்கிற களிப்பாறையில தங்கம் இருக்கு, தண்ணி பீச்சி அடிச்சு எடுக்கலாம்னு. சிகாகோ முதலீட்டுக்காரங்களும் நம்பிட்டாங்க. பம்பு ஓட்ட பாய்லர் வேணும், பாய்லருக்கு நிலக்கரி வேணும். நிலக்கரி இருக்கிறது 28 மைல் ஆத்துக்கு மேல, வார்ம் க்ரீக்ல. சரி, கப்பல்ல கொண்டு வரலாம்னு 92 அடி நீளத்துக்கு ஒரு துடுப்புச்சக்கரக் கப்பல். சான் ஃபிரான்சிஸ்கோவுல செஞ்சு, பிரிச்சு, ரயில்ல ஏத்தி, ரயில் முடிஞ்ச இடத்துலேந்து வண்டியில இழுத்து, ஆத்தங்கரையில மறுபடி பூட்டினாங்க. 1912.

கப்பல் ஓடுச்சு. ஆனா கீழ வந்துட்டு எதிர் இழுப்புல மேல ஏறிப் போகணும்ல? கொண்டு வர்ற கரி கிட்டத்தட்ட முழுசும் கப்பலுக்கே சரியாப் போச்சு! கணக்குப் போட்ட இன்ஜினீயர் யாருன்னு தெரிஞ்சா எங்க பழைய டிவிஷன்ல சேத்துவிட்டிருப்பேன், அங்க இந்த மாதிரி கணக்குக்குத் தனி மரியாதை உண்டு.

தங்கம்? இருந்துச்சு, தூசு மாதிரி. பிரிச்செடுக்கப் போட்ட பாதரசத்துல ஒட்டவே இல்ல. கம்பெனி காலி. கப்பலைக் கரையில கட்டிப் போட்டுட்டுப் போயிட்டாங்க, அப்படியே முழுகிடுச்சு. பாய்லர் இன்னும் தண்ணியில கிடக்கு. ஆறு குறைஞ்சா தெரியும்.

---

பாலைப்பயணி

மணி அண்ணே, அந்தப் பாய்லரைப் பார்த்திருக்கிறேன். ஆற்றங்கரைப் பாதையில் நடந்தால் கோட்டையைத் தாண்டியதும் வரும். துருப்பிடித்த பெரிய உருளை, தண்ணீருக்குக் கொஞ்சம் மேலே. தெரியாதவர்கள் ஏதோ குழாய் என்று தாண்டிப் போய்விடுவார்கள். பக்கத்தில் செங்குத்தாக ஏறுகிற ஸ்பென்சர் பாதையும் அவர் கோவேறு கழுதைகளுக்காக வெட்டியதுதான்.

துறையின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். 1920களில் கார் வந்துவிட்டது. ஆனால் நீங்கள் வந்து சேரும் நேரத்தில் ஆறு பொங்கியிருந்தால், காற்று பலமாக இருந்தால், கரையிலேயே கிடக்க வேண்டும். அதனால் துறைக்குச் சில மைல் கீழே, மார்பிள் கேன்யன் குறுகும் இடத்தில், பாலம் கட்டத் தொடங்கினார்கள். அதற்கான சாமான்களும் ஆட்களும் இந்தப் படகில்தான் அக்கரை போனது.

1928 ஜூனில் படகு ஆற்றில் கவிழ்ந்து மூன்று பேர் போனார்கள், படகும் போனது. பாலம் முடியப் போகிறதே என்று புதுப் படகு விடவில்லை. அதன் விளைவு கேளுங்கள். எதிர்க்கரை கண்ணுக்குத் தெரிகிறது, வேலைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக் கையசைக்கலாம். ஆனால் ஒரு சாமானை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கொண்டுபோக 800 மைல் சுற்ற வேண்டியிருந்தது. 1929 ஜனவரியில் பாலம் திறந்தது. 834 அடி நீளம், ஆற்றுக்கு 467 அடி மேலே. இப்போது அதன் பெயர் நவஹோ பாலம்.

---

முக்கொம்பு வாசி

பொதுப்பணித் துறையில் ஓய்வு பெற்றவன். இதுவரை யாரும் தொடாத ஒரு விஷயம் உண்டு. பாலம் வந்து படகு போனாலும், லீ ஃபெர்ரி என்ற பெயர் தென்மேற்கு அமெரிக்கா முழுமையின் தண்ணீர்க் கணக்கில் நிற்கிறது.

1921 முதல் அங்கே நீரளவை நிலையம். 1922 நவம்பரில், ஹூவர் தலைமையில் (அப்போது அவர் வர்த்தக அமைச்சர், பின்னால் ஜனாதிபதி) ஏழு மாநிலங்கள் கொலராடோ ஒப்பந்தம் போட்டன. மேல்வடிநிலம், கீழ்வடிநிலம் என ஆற்றை இரண்டாகப் பிரித்தார்கள். பிரிக்கும் புள்ளி, பரியா சேருமிடத்துக்கு ஒரு மைல் கீழே. காவிரிக் கணக்கில் நமக்குப் பிலிகுண்டுலு எப்படியோ அவர்களுக்கு லீ ஃபெர்ரி அப்படி. மேலே இருப்பவர் எவ்வளவு விட்டார், கீழே இருப்பவருக்கு எவ்வளவு வந்தது, எல்லாம் அந்தப் புள்ளியில்தான்.

இரு பக்கத்துக்கும் ஆண்டுக்கு 75 லட்சம் ஏக்கர் அடி. நம் கணக்கில் சுமார் 327 டி.எம்.சி., மேட்டூர் மூன்றரை முறை நிரம்பும். மேல்மாநிலங்கள் எந்தப் பத்தாண்டிலும் மொத்தம் 750 லட்சம் ஏக்கர் அடிக்குக் குறைய விடக்கூடாது. சிக்கல் என்னவென்றால், அவர்கள் கையில் இருந்த அளவீடுகள் மிக நல்ல மழைக்காலத்தவை. ஆறு அவ்வளவு தராது. இல்லாத தண்ணீரைப் பங்கு போட்டுவிட்டு நூறு வருடமாக அடித்துக்கொள்கிறார்கள். பத்தாண்டுக் கூட்டு என்பது மட்டும் புத்திசாலித்தனம், ஒரு வறட்சி ஆண்டை வைத்து யாரும் யாரையும் நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாது. நம்மிடம் மாதக் கணக்கு.

---

கரிசல்காரன்

சார், அந்த ஏழு மாநிலத்துல தென்கரைக்காரன் உண்டா?

---

முக்கொம்பு வாசி

இல்லை தம்பி. பேச்சுவார்த்தை மேசையில் நவஹோ உட்பட எந்தப் பழங்குடியும் இல்லை. பழங்குடிகளுக்கு அமெரிக்க அரசுக்கு உள்ள கடமையை இந்த ஒப்பந்தம் பாதிக்காது என்று ஒரே ஒரு வாக்கியம் போட்டார்கள். 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம், நவஹோக்களுக்குத் தண்ணீர் தேடித்தர அரசு தானாக நடவடிக்கை எடுக்க வேண்டிய கடமை இல்லை என்று 5க்கு 4 என்று தீர்ப்புச் சொன்னது. நவஹோ நிலத்தில் இன்றும் பல வீடுகளுக்குக் குழாய் இல்லை, வண்டியில் தண்ணீர் ஏற்றி வருகிறார்கள். ஆறு எல்லையிலேயே ஓடுகிறது.

---

கரிசல்காரன்

அப்ப பாலைப்பயணி அண்ணன் வழக்குல நானும் ஒரு மனு போடுறேன். லீ பேரை எடுத்துட்டு ஜான்சன் பேரை வைக்கணும்னு இவரு சொல்வாரு போல. எதுக்கு? அந்தாளும் சபைக்காரன்தான், சபை சொன்னபடி சபை ஆளுகளைக் கரை சேத்தவன். முதல் சவாரி நவஹோக்காரன். கடைசி வரைக்கும் சவாரி நவஹோக்காரன். பாலத்துக்காவது அவன் பேரு வந்துச்சு, அதோட விடுங்க.

---

பாலைப்பயணி

பெயரை மாற்றச் சொல்லவில்லை தம்பி, மாற்றவும் மாட்டார்கள், ஏழு மாநிலச் சட்டத்தில் ஏறிவிட்டது. ஜான்சனைத் தியாகியாக்கவும் இல்லை. லீயின் கதையில் கொலை இருக்கிறது, தலைமறைவு இருக்கிறது, துப்பாக்கிச் சூடு இருக்கிறது, அதனால் அது தானாகவே பரவிவிடும். தினமும் துடுப்புப் போட்டவன் கதையை யாராவது வேண்டுமென்றே சொன்னால்தான் உண்டு. நவஹோ சவாரி பற்றி நீங்கள் சொன்னதும் அதே வகைதான், அதை என் வழக்கோடு சேர்த்துக்கொள்கிறேன்.

செந்தாழை அக்காவோடு ஒரு இடத்தில் மட்டும் ஒத்துப்போக முடியவில்லை. பிழைப்புக்காக இருந்தார் என்பது குறையா? பிழைப்புக்காக இருபது வருடம் ஒரு ஆற்றோடு மல்லுக்கட்டுவதைவிட என்ன வேண்டும்?

---

செந்தாழை

குறை என்று சொல்லவில்லையே. வீரம் என்று பெயர் சூட்ட வேண்டாம் என்றேன். இன்னொன்று, நீங்கள் தொடக்கப் பதிவில் எம்மாவை மாடு வாங்கிக்கொண்டு போனவராக ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். அவர் பிறகு மறுமணம் செய்து வின்ஸ்லோவில் குடியேறி, பிரசவம் பார்ப்பதிலிருந்து காயம் கட்டுவது வரை செய்து, ஊரே டாக்டர் பாட்டி என்று கூப்பிடும் அளவுக்கு இருந்தார்.

---

நெய்வேலி மணி

சண்டை முடிஞ்சுதா? ஏப்ரல்ல பையன் வீட்டுக்கு ஃபீனிக்ஸ் வர்றோம். வயசான ரெண்டு பேர், முட்டிவலி. இந்த இடத்துக்கு வரலாமா, இல்ல பாறை ஏறணுமா?

---

பாலைப்பயணி

தாராளமா வாங்க அண்ணே. 89-ஏ நெடுஞ்சாலையில் வந்தால் முதலில் நவஹோ பாலம். 1995-ல் பக்கத்திலேயே புதுப்பாலம் போட்டுவிட்டார்கள், பழையது இப்போது நடப்பவர்களுக்கு மட்டும். அதில் நின்று கீழே பாருங்கள், காண்டோர் கழுகுகள் பாலத்தின் கம்பிகளிலேயே உட்கார்ந்திருக்கும். இறக்கையில் எண் அட்டை மாட்டியிருப்பார்கள். பாலம் தாண்டியதும் லீஸ் ஃபெர்ரிக்குத் திரும்பும் தார்ச்சாலை ஆற்றங்கரை வரை போகிறது, ஏற வேண்டியதில்லை. காலையில் போனால் கிராண்ட் கேன்யனுக்குள் போகும் ரப்பர் படகுகளில் சாமான் கட்டுவதைப் பார்க்கலாம், ஆற்று மைல் கணக்கு அங்கேதான் பூஜ்யம்.

தண்ணீர் பச்சையாகவும் சில்லென்றும் இருக்கும். ஜான்சன் காலத்தில் செம்மண் குழம்பாக ஓடிய ஆறு. 1963-ல் மேலே 15 மைலில் கிளென் கேன்யன் அணை மூடிய பிறகு வண்டல் அங்கேயே தங்கிவிடுகிறது. கை நனைத்தாலே விறைக்கும், இறங்க வேண்டாம்.

லோன்லி டெல் பண்ணையைத் தவறவிடாதீர்கள், வண்டி நிறுத்துமிடத்திலிருந்து சமதரையில் சின்ன நடைதான். மரவீடுகள், பழத்தோட்டம், கொஞ்சம் தள்ளி செந்தாழை அக்கா சொன்ன கல்லறை. பழக்காலத்தில் யார் வேண்டுமானாலும் பறித்துச் சாப்பிடலாம், ஆனால் ஏப்ரலில் பழம் இருக்காது. வழியில் கடை அரிது, சாப்பாடும் தண்ணீரும் கையோடு எடுத்து வாங்க.

---

நெய்வேலி மணி

அப்ப புளிசாதம் கட்டிடறோம். பாய்லரை மட்டும் மறக்காம காட்டிடுங்க.